தூணில் விரிசல், அப்பா உள்ளே போகத் துடிக்கிறார்: உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நேற்று இரவு இங்கே பலமான நிலநடுக்கம். நாங்கள் பத்திரமாக வெளியே வந்துவிட்டோம், இப்போது திறந்தவெளியில் இருக்கிறோம். வரும்போதே கேஸையும் மெயின் சுவிட்சையும் அணைத்தாயிற்று. வாடை எதுவும் இல்லை, ஆனாலும் யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை.

என் கவலையெல்லாம் வீட்டைப் பற்றித்தான். சுவர்ப் பூச்சில் மயிரிழை விரிசல்கள் நிறைய. அவற்றை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் கீழ்த்தளத்துத் தூண் ஒன்றில் சாய்வாக ஒரு விரிசல், விரல்நுனி நுழையும் அளவுக்கு. வாசல் கதவு வேறு இறுகிவிட்டது.

அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை உள்ளே மாட்டிக்கொண்டது. "ரெண்டே நிமிஷம், எடுத்துட்டு வந்துடறேன்" என்கிறார். நான் விடவில்லை. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25-ல் 7.8 அளவில் குலுங்கி, 17 நாள் கழித்து மே 12-ல் 7.3 அளவில் மறுபடி வந்ததே, அதுதான் மனதில் ஓடுகிறது.

கட்டடப் பொறியாளர்கள் யாராவது இருக்கிறீர்களா? தள்ளி நின்று எடுத்த படங்களை அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா? நேரில் வந்து ஆய்வு செய்ய யாரிடம் கேட்பது? மருத்துவர்கள் இருந்தால், மாத்திரைச் சீட்டு இல்லாமல் அப்பாவுக்கு இன்றைய மருந்து கிடைக்க என்ன வழி என்று சொல்லுங்கள். போனில் சார்ஜ் குறைவு, அழைக்காமல் இங்கேயே எழுதுங்கள்.