க்ளோட் லொரேன் வரைந்தது நிலமா, நாடக மேடையா?

கரிக்கோடு:
ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியம் என்று பேச்செடுத்தாலே 17ஆம் நூற்றாண்டு ஓவியர் க்ளோட் லொரேனை உச்சியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். இரண்டு வாரமாக அவருடைய ஓவியங்களை இணையத்தில் வரிசையாகப் பார்த்தேன். எனக்கு ஏமாற்றம்தான். ஒரு பக்கம் கருத்து உயர்ந்த மரம், மறுபக்கம் பாதி இடிந்த கோயில், நடுவில் தண்ணீர், தூரத்தில் நீல மலை. அடுத்த படத்தில் மரமும் கோயிலும் இடம் மாறியிருக்கும். ரோமில் இவருக்குக் குருவாக இருந்த அகோஸ்தினோ தாஸ்ஸி, மாளிகைச் சுவர்களில் பொய்த் தூண்களும் பொய் மண்டபங்களும் வரைந்து கொடுத்தவர். சீடரும் நிலத்தை மேடைத் திரைபோல அடுக்கத்தான் கற்றிருக்கிறார்.

1843ல் ஆங்கிலக் கலை விமர்சகர் ரஸ்கின், தன் காலத்து நிலக்காட்சி ஓவியர் டர்னருக்காக வாதாட வந்தபோது க்ளோடைக் கடுமையாகத் தாக்கியதில் நியாயம் இருக்கிறது. இந்தச் சூத்திரம் பிறகு எத்தனை பேருடைய கண்ணைக் கட்டியது பாருங்கள்! 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சுற்றுலா போனவர்கள் 'க்ளோட் கண்ணாடி' என்று ஒரு கருத்த குவிகண்ணாடியைக் கையில் வைத்திருந்தார்கள். நேரே இருக்கும் மலைக்கு முதுகைக் காட்டி நின்று, அதைக் கண்ணாடியில் பார்த்தார்கள். 1792ல் ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் தமிழ்நாட்டுக் கோயில்களையும் பாபநாசம் அருவியையும் வரைய வந்தபோதுகூட, அவர்களோடு வந்தது க்ளோடிடமிருந்து கிளைத்த அழகியல்தான்.

வைகறை:
கரிக்கோடு, சூத்திரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்துக்குள் அவர் எதை வைத்தார் என்று நீங்கள் பார்க்கவே இல்லை. ஒளியை வைத்தார்.

அவரோடு ரோமில் பழகிய ஜெர்மானிய ஓவியர் ஸாந்த்ரார்ட் 1675ல் எழுதியிருப்பதைச் சொல்கிறேன். க்ளோட் விடியுமுன்பே வயல்வெளிக்குப் போய்விடுவாராம், இருட்டும்வரை அங்கேயே கிடப்பாராம். வானம் எப்படிச் சிவக்கிறது, அந்தச் சிவப்பு எப்படி வெளுக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற வண்ணத்தை அங்கேயே குழைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பித் தீட்டுவாராம். மேடைத் திரை தீட்டுகிறவருக்கு இந்தப் பாடு எதற்கு?

1648ல் வரைந்த 'சேபா நாட்டு அரசி கப்பலேறும் துறைமுகம்' லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. சூரியன் தொடுவானத்துக்குச் சற்று மேலே நிற்கிறது. அங்கிருந்து தண்ணீரில் ஒரு மஞ்சள் பாதை நம்மை நோக்கி வருகிறது. ஒவ்வோர் அலையின் விளிம்பும், தூண்களின் ஓரமும், படிக்கட்டும் அந்த ஒரே விளக்கின் கீழ் இருக்கின்றன. இடதுபக்கம் ஒருவன் கூச்சம் தாங்காமல் கண்ணுக்கு மேல் கையை வைத்து மறைக்கிறான். மேடையில் இப்படிக் கண் கூசாது.

கரிக்கோடு:
சூரியனை முதலில் வரைந்தவர் இவரல்ல. ஜெர்மானிய ஓவியர் அல்ட்டோர்ஃபர் 1529லேயே அலெக்சாந்தரின் போரை வரைந்தபோது வானத்தில் சூரியனை வைத்துவிட்டார். ரோமிலேயே க்ளோடுக்கு முன்னால் எல்ஸ்ஹைமர் என்ற ஓவியர் இருந்தார், 1610ல் இறந்தவர். அவருடைய சின்னஞ்சிறு படங்களில் விடியலும் நிலவொளியும் அற்புதமாக இருக்கும்.

வைகறை:
முதலில் வரைந்தவர் என்று நான் சொல்லவில்லை. அல்ட்டோர்ஃபரின் சூரியனை எடுத்துவிட்டாலும் கீழே போர் நடந்துகொண்டுதான் இருக்கும். க்ளோடின் துறைமுகத்தில் அதை எடுத்தால் படமே இல்லை. வேறுபாடு அதுதான். நீங்கள் துணைக்கு அழைத்த ரஸ்கினே பிற்பாடு, ஓவியக்கலையில் க்ளோட் ஒரு புரட்சி செய்தார், வானத்தில் சூரியனை வைத்ததுதான் அது என்று ஒத்துக்கொண்டார்.

தெருமுனை:
குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். இவரைப் பிரெஞ்சு ஓவியர் என்கிறார்கள். ஆனால் வாழ்ந்ததெல்லாம் ரோமில்தானே? பஃப் பேஸ்ட்ரியைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்றும் எங்கோ படித்தேன்.

வைகறை:
பேஸ்ட்ரி செய்யப் பழகியவர் என்று ஸாந்த்ரார்ட் சொல்கிறார். கண்டுபிடித்தார் என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட கதை. பிறந்தது ஷமாஞ் என்ற கிராமத்தில், ஏறத்தாழ 1600ல். இயற்பெயர் க்ளோட் ஜெலே. ஊர் இருந்தது லொரேன் டச்சியில், அதாவது ஒரு பிரபுவின் ஆட்சிக்குட்பட்ட நாட்டில். அது அப்போது பிரான்சின் பகுதி அல்ல, 1766ல்தான் முழுதாகச் சேர்ந்தது. இளவயதிலேயே இத்தாலிக்குப் போனார், நடுவில் 1625 வாக்கில் நான்சியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார், அப்புறம் 1682ல் சாகும்வரை ரோம்தான். 1840ல் அவருடைய எலும்புகளை ரோமில் உள்ள பிரெஞ்சுக்காரர்களின் தேவாலயத்துக்கு மாற்றினார்கள். பிரான்ஸ் அவரைச் சொந்தம் கொண்டாடியது என்று சொல்லலாம். என்னைக் கேட்டால் அவர் ரோம்காரர்.

கரிக்கோடு:
ரோம் என்று நீங்களே சொன்னதால் என் பெரிய குறைக்கு வருகிறேன். அவர் வரைந்தது ரோமைச் சுற்றியிருந்த கம்பான்யா சமவெளி. அந்தக் காலத்தில் அது மலேரியா பிடித்த மேய்ச்சல் நிலம். பெரிய குடும்பங்கள் கையில் நிலம், மாடு மேய்ப்பவர்களுக்குக் காய்ச்சல். இவர் படத்தில் அந்த மேய்ப்பர்கள் குழல் ஊதுகிறார்கள், நடனம் ஆடுகிறார்கள். படம் வாங்கியவர்கள் யார்? போப் எட்டாம் உர்பன், ஸ்பெயினின் நான்காம் பிலிப், கொலொன்னா குடும்பம். நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு நோயில்லாத, பசியில்லாத நிலம் விற்கப்பட்டது.

மனிதர்களைப் பற்றி அவரே சொன்னதாக, அவர் வாழ்க்கையை எழுதிய பால்தினுச்சி ஒன்றைக் குறித்துவைத்திருக்கிறார். நிலக்காட்சியைத்தான் விற்கிறேன், உருவங்கள் இலவசம் என்றாராம். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை, வலிக்கிறது.

மொட்டைமாடி:
நான் ஓவியம் படித்தவள் அல்ல, பொழுதுபோகாத நேரத்தில் நீர்வண்ணம் தீட்டுகிறவள். சூரியனைப் படத்துக்குள் வைத்துப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். தாளின் வெள்ளையைவிட வெளிச்சமான வண்ணம் நம்மிடம் கிடையாது. ஆகவே சுற்றியிருப்பதை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அடக்க வேண்டும். எங்கள் மாடியிலிருந்து பத்துப் பதினைந்து முறை முயன்றேன், ஒவ்வொரு முறையும் முட்டை மஞ்சள்கரு போலத்தான் வந்தது. க்ளோடின் அந்தக் கருத்த மரம் அலங்காரம் அல்ல, கரிக்கோடு சார். பக்கத்தில் அந்தக் கருமை இல்லாவிட்டால் வானம் வெளிச்சமாகவே தெரியாது. இது தெரிந்த பிறகு எனக்கு அந்த மரத்தின் மேல் கோபம் வருவதில்லை.

கரிக்கோடு:
இது நான் யோசிக்காத கோணம், அக்கா. மரத்தை விட்டுவிடுகிறேன். மேய்ப்பர்களை விடமாட்டேன்.

வைகறை:
விட வேண்டாம். அவருடைய கடைசி ஓவியத்தை மட்டும் பாருங்கள். 1682, ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கொலொன்னாவுக்காக வரைந்தது. வர்ஜிலின் காவியத்தில் வரும் கட்டம். அஸ்கானியஸ் என்ற இளைஞன் வில்லை வளைத்து நிற்கிறான். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மான். அது சில்வியா என்ற பெண் வளர்த்த மான் என்று அவனுக்குத் தெரியாது. அம்பு பட்டதும் அந்த நாட்டில் போர் மூளும். க்ளோட் அம்பு புறப்படுமுன் நிறுத்திவிடுகிறார். மரங்கள் காற்றில் சாய்கின்றன, ஆட்கள் நூல்போல மெலிந்து உயர்ந்திருக்கிறார்கள், மான் அசையாமல் பார்க்கிறது. எண்பது வயதுக்காரர் பார்த்த அமைதி இது. அடுத்த நொடியில் என்ன ஆகும் என்று தெரிந்தவரின் அமைதி. இதை நோயும் பசியும் மறைத்த சொர்க்கம் என்று என்னால் சொல்ல முடியாது.

அப்புறம், நீங்கள் எண்ணெய் ஓவியங்களை மட்டும் பார்த்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் மான்டே மாரியோ குன்றிலிருந்து டைபர் ஆற்றைப் பார்த்து அவர் தீட்டிய ஒரு தாள் இருக்கிறது. பழுப்பு மையைக் கரைத்து அகலமாக இழுத்த சில தீற்றல்கள்தான். கோயில் இல்லை, தேவதை இல்லை. ஆறு வளைந்து போகிறது, அவ்வளவே.

கரிக்கோடு:
பார்த்தேன். பத்து நிமிடம் அதை விட்டு நகரவில்லை. ஆனால் இதுவே என் வாதத்துக்கும் உதவுகிறது. இப்படி நேராகப் பார்க்கத் தெரிந்தவர், விற்பனைக்கு என்று வந்ததும் ஏன் அந்த அடுக்குக்குத் திரும்பினார்? ஒவ்வொரு ஓவியத்தையும் படியெடுத்துப் பின்பக்கத்தில் வாங்கியவர் பெயரை எழுதிவைத்த ஏடு ஒன்று வைத்திருந்தாரே, 195 வரைபடங்கள் கொண்ட 'லிபெர் வெரிதாதிஸ்'. அதைப் புரட்டினால் அடுக்கு எப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிகிறது.

வைகறை:
அந்த ஏட்டை வைத்துக்கொண்டதே போலிகளுக்குப் பயந்து என்கிறார் பால்தினுச்சி. அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பாணியில் படம் செய்து விற்றார்கள். அடுக்கை யாரும் திருடலாம், ஒளியைத் திருட முடியவில்லை.

அடுக்கு கண்ணைக் கட்டும் என்றீர்களே, அதற்கு ஒரு எதிர்ச்சான்று தருகிறேன். 1646ல் அவர் வரைந்த 'ஆகாரும் தேவதூதனும்' என்ற சிறிய ஓவியம் ஜார்ஜ் போமான்ட் என்பவரிடம் இருந்தது. தேசத்துக்குக் கொடுத்துவிட்டு, பிரிந்திருக்க முடியாமல் சாகும்வரை திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். இளவயதில் அதைப் பார்த்தவர் ஆங்கில நிலக்காட்சி ஓவியர் கான்ஸ்டபிள். 1802ல் தன் ஊர்ப்பக்கத்து டெடம் பள்ளத்தாக்கை வரைந்தபோது அந்த அடுக்கையே எடுத்துக்கொண்டார், 1828ல் பெரிதாக மறுபடியும் வரைந்தார். மரம் இருக்கிறது, நடுவில் ஆறு இருக்கிறது. ஆனால் நிலம் முழுக்க அவருடைய நிலம், ஈரம் சொட்டுகிற இங்கிலாந்து.

கரிக்கோடு:
அந்த 1828 படத்தைத் தேடி எடுத்தேன். கீழே ஓரத்தில் நாடோடிப் பெண் ஒருத்தி குழந்தையோடு தீ மூட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஏழையைப் படத்துக்குள் கொண்டுவந்தவர் கான்ஸ்டபிள்தான் என்று உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதுதான் ஆகார் யார் என்பது உறைத்தது. வீட்டைவிட்டு ஓடிவந்த அடிமைப் பெண். அவளைத்தான் க்ளோட் அந்த மரத்தடியில் உட்கார வைத்திருக்கிறார்.

மேடை என்று சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை. ஆகாரை மட்டும் இன்று இரவு பெரிதாக்கி இன்னொரு முறை பார்க்கிறேன்.