சிபிடி பயிற்சி முடிச்சும் செஷன் பட்டிமன்றமா ஆகுது – அடுத்து என்ன?

மணல்வீடு:
பல வருஷமா சைக்கோடைனமிக் முறையில (ஆழ்மனசையும் பழைய உறவுகளையும் அலசற முறை) சிகிச்சை தர்றேன். போன வருஷம் சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாத்திப் பாக்கற பேச்சு சிகிச்சை) அடிப்படைப் பயிற்சி முடிச்சேன். எண்ணப் பதிவேடு, சிந்தனைப் பிழைகள் எல்லாம் ஏட்டுல தெரியும். ஆனா கிளையண்ட்கிட்ட "இதுக்கு என்ன ஆதாரம்?"னு நான் கேட்க, அவர் ஒண்ணு சொல்ல, நான் மறுக்கன்னு பட்டிமன்றமே நடக்குது. கடைசியில "நீங்க சொல்றது புத்திக்குப் புரியுது, மனசு கேக்கல"ங்கறார். அட்வான்ஸ்டு கோர்ஸ் சேரலாமா?

வடகோடு:
சேருங்க. ஆனா பொதுவான கோர்ஸ் வேணாம், அதே ஸ்லைடுதான் திரும்ப வரும். பேனிக் (திடீர்னு வர்ற பயத் தாக்குதல்), ஓசிடி (விடாத எண்ணமும் திரும்பத் திரும்பச் செய்யறதும்)ன்னு ஒரு பிரச்சினையை மட்டும் எடுத்து நடத்துறதாப் பாருங்க.

உளிச்சத்தம்:
நான் சூப்பர்வைசரா, அதாவது மத்த தெரபிஸ்ட்களோட கேஸைக் கேட்டு வழிகாட்டுறவரா இருக்கேன். கோர்ஸை இப்போதைக்குத் தள்ளி வைங்க. உங்க செஷன் ரெக்கார்டிங்கை இதுவரைக்கும் யாராவது கேட்டிருக்காங்களா? சூப்பர்விஷன்ல நாம சொல்ற கேஸ் வேற, ரெக்கார்டிங்ல இருக்கற கேஸ் வேற. பதிலை முன்கூட்டியே முடிவு பண்ணிட்டு அதை நோக்கிக் கேள்வி கேட்டா அது சாக்ரடிக் முறை (கேள்வி கேட்டே கிளையண்ட்டைத் தானா யோசிக்க வைக்கறது) ஆகாது. மனசை மாத்தப் பாக்கறதும், சேர்ந்து கண்டுபிடிக்கறதும் வேற வேறன்னு சிபிடி நிபுணர் கிறிஸ்டின் படெஸ்கி 1993லயே ஒரு உரையில பிரிச்சுக் காட்டிட்டாங்க.

காக்னிடிவ் தெரபி ரேட்டிங் ஸ்கேல் (தெரபிஸ்ட் சிபிடியை எவ்வளவு திறமையா பண்றார்னு அளக்கறது) வச்சு ஒரு முழு செஷனுக்கு உங்க சூப்பர்வைசரை மார்க் போடச் சொல்லுங்க. 11 அம்சம், ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 6 வரை, மொத்தம் 66. பொதுவா 40 வந்தா தேறினதா எடுத்துக்குவாங்க. சைக்கோடைனமிக்ல இருந்து வர்றவங்க புரிதல், உறவுன்னு வர்ற இடத்துல அள்ளிடுவாங்க. அஜெண்டாவுலயும் (செஷன்ல என்ன பேசறதுன்னு முதல்லயே முடிவு பண்றது) ஹோம்வொர்க்லயும்தான் கோட்டை விடுவாங்க, நான் கேட்ட வரைக்கும். ஆளுக்கு ஆள் மார்க் மாறும். அதனால ஒரே ஆள்கிட்டயே தொடர்ந்து போங்க.

"மனசு கேக்கல"ன்னா பேச்சை நிறுத்திட்டுச் செஞ்சு பாக்க வேண்டிய நேரம். பேனிக்கையே எடுங்க. உடம்புல வர்ற உணர்வை ஆபத்துன்னு தப்பா அர்த்தம் பண்ணிக்கறதுதான் மையம்னு உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986ல சொன்னார். "மூச்சு வாங்கினா மயங்கி விழுந்துடுவேன்", நம்பிக்கை 90 சதவீதம்னு எழுத வைங்க. ரெண்டு பேரும் எழுந்து நின்னு, நாற்காலியைப் பிடிக்காம, வேகமா மூச்சு விடுங்க. அப்புறம் அதே சதவீதத்தைத் திரும்பக் கேளுங்க. இதயக் கோளாறு, ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இதெல்லாம் முன்னாடியே விசாரிச்சுடணும். கிளையண்ட்கிட்டப் போறதுக்கு முன்னாடி நீங்க தனியா ஒரு தடவை செஞ்சு பாருங்க. தலை சுத்தும், விரல் மரத்துப்போகும். அது தெரியாம அவருக்குத் தைரியம் சொல்ல முடியாது.

மணல்வீடு:
ரெக்கார்ட் பண்ணலாமான்னு கேட்டா கிளையண்ட் மிரள மாட்டாரா?

உளிச்சத்தம்:
பெரும்பாலும் மிரள்றது நாமதான். தனியா எழுத்துல ஒப்புதல் வாங்குங்க. யார் கேப்பாங்க, எப்போ அழிப்பீங்க, வேணாம்னாலும் சிகிச்சை அப்படியே தொடரும் – மூணும் அதுல இருக்கணும்.

வடகோடு:
40 வாங்கிட்டா கிளையண்ட் தேறிடுவாரா சார்?

உளிச்சத்தம்:
நல்லா மடக்குறீங்க. மார்க்குக்கும் கிளையண்ட் தேறறதுக்கும் உள்ள தொடர்பு ஆய்வுகள்ல பலவீனமாத்தான் வருது. அதனால மனச்சோர்வு கேஸ்னா வாராவாரம் பிஎச்க்யூ-9 (மனச்சோர்வை அளக்கற ஒன்பது கேள்விப் படிவம்) போடச் சொல்வேன். ரெக்கார்டிங்கைத் திறக்கறதுக்கு முன்னாடி அந்த எண்ணைத்தான் முதல்ல பார்ப்பேன்.