ஒளிமின்வினையூக்கம்: சொல் சரிதானா?

வேதியியல் ஆசிரியை
அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழி மாணவர்களுக்கான என் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கழிவுநீரில் கலந்த மருந்துகளை அழிக்கும் முறை ஒன்று. டைட்டானியம் டைஆக்சைடு பூசிய மின்வாயின்மேல் புறஊதா ஒளி பட்டால் எலக்ட்ரான் கிளம்பிவிடும், அது இருந்த இடம் துளையாகும். இரண்டும் திரும்பச் சேர்ந்துவிட்டால் எல்லாம் வீண். ஆகவே வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்து எலக்ட்ரானை மறுமுனைக்கு இழுத்துவிடுகிறோம். துளை நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சில் தனியுறுப்பு என்னும் வினைத்திறன் மிக்க துகளை உண்டாக்க, அது டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி போன்றவற்றைச் சிதைக்கிறது. இதை "ஒளிமின்வினையூக்கம்" என்று எழுதியிருக்கிறேன். "மருந்தெச்சம்" என்றும், நீரில் மிஞ்சும் மருந்தைக் குறிக்க, ஒரு சொல் வருகிறது.

புலவர்
அம்மா, "மின்" என்றாலே ஒளிர்தல்தான். மின்னல், மின்மினி, விண்மீன் எல்லாம் ஒரே வேர். நீருக்குள் பளிச்சிடுவதால் மீனும் அப்படிப் பெயர் பெற்றது என்பது என் துணிபு. உங்கள் சொல்லை விரித்தால் "ஒளியொளி வினையூக்கம்" என்றாகும்.

யாழ்ப்பாணத்து நண்பர்
எங்கள் பாடநூல்களில் "ஊக்கி" என்றாலே போதும், "வினை" எதற்கு? "ஒளிமின்னூக்கல்" என்று வையுங்கள். நீங்கள் ஒளிச்சேர்க்கை என்பதை நாங்கள் ஒளித்தொகுப்பு என்கிறோம். செடி இரண்டு கரையிலும் வளர்கிறது.

மொழிபெயர்ப்பாளர்
"ஒளிமின் விளைவு" ஏற்கெனவே இயற்பியலில் இருக்கிறது. மாணவன் ஒளியால் பிறந்த மின்சாரம் என்றே எடுத்துக்கொள்வான். "ஒளிதூண்டு மின்வினையூக்கம்" எப்படி?

புலவர்
எது எதைத் தூண்டுகிறது? "ஒளி தூண்டிய மின்" என்றும் விரியுமே!

வேதியியல் ஆசிரியை
ஐயா, "ஒளிமின்" என்பதை நான் உம்மைத்தொகையாகவே கொள்கிறேன்: ஒளியும் மின்னும். வேற்றுமைத்தொகையாக, "ஒளியால் ஆகிய மின்" என்று விரித்தால் வேதியியலே தவறிவிடும். விளக்கை அணைத்தால் துளை பிறக்காது; மின்னழுத்தத்தை எடுத்தால் பிறந்த துளை பெரும்பாலும் வீணாகும். இரண்டும் சமமாக நிற்கின்றன என்பதை இந்தத் தொகை எப்படிக் காட்டிவிடுகிறது, பாருங்கள்.

சுற்றுச்சூழல் பொறியாளர்
ஐதராபாத்தை அடுத்த பட்டன்சேருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. நாம் தொகையை விரித்துக்கொண்டிருக்கிறோம். "ஃபோட்டோஎலக்ட்ரோகேட்டலிசிஸ்" என்றே எழுதுங்கள், தேடினால் கிடைக்கும்.

மொழிபெயர்ப்பாளர்
இத்தனை எழுத்தில் தடுக்கி விழுந்தபின் எதைத் தேடுவது?

புலவர்
"எச்சம்" கேட்டதும் பறவை எச்சம்தான் நினைவுக்கு வருகிறது. இலக்கணத்தில் வேறு வினையெச்சம், பெயரெச்சம் இருக்கின்றன.

வேதியியல் ஆசிரியை
பறவை வந்தால் பொருத்தமே. டைக்ளோஃபினாக் கொடுத்த மாட்டின் சடலத்தைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதையும் குறிப்பில் சேர்க்கிறேன்.

புலவர்
கழுகு வேறு, அது வேறு. பிணம் தின்பது "பாறு". நல்ல தமிழ்ச்சொல் இருக்க, இந்த நீளப் பெயர் எதற்கு?

யாழ்ப்பாணத்து நண்பர்
"ஊக்கல்" பற்றி ஒருவரும் பேசவில்லை.

வேதியியல் ஆசிரியை
அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். "ஒளிமின் வினையூக்கம்" என்று இடைவெளி விட்டு அனுப்பிவிட்டேன். முதல் பக்கத்தில் ஒருமுறை மட்டும் ஆங்கிலச் சொல் தமிழ் எழுத்தில் வரும். மருந்தெச்சம் அப்படியே இருக்கிறது. கழுகைப் பாறு என்று திருத்திவிட்டேன்.

புலவர்
பாறுக்கு நன்றி. தலைப்பை நான் ஏற்கவில்லை.