தொல்லியலா, பொருளியலா? இரண்டு கிழமைக்குள்ள முடிவு சொல்லவேணும்

வணக்கம். யாழ். பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில முதலாம் வருசம் முடிச்சிட்டன். இப்ப சிறப்புப் பாடம் தெரிவுசெய்யவேணும். எனக்குத் தொல்லியல்தான் விருப்பம். வீட்டில பொருளியல் எடுக்கச் சொல்லினம்.

ஊர் கிளிநொச்சி. அப்பா இரணைமடுக் குளத்துத் தண்ணியில வயல் செய்யிறார். அந்த இரணைமடுப் பக்கத்துச் சரளைப் படிவுகளுக்குள்ள கற்காலக் கருவிகள் கிடைச்சிருக்கெண்டு வாசிச்ச நாளில இருந்து வேற பாடத்தில மனம் ஒட்டேல்லை. பொருளியலில பி, தொல்லியலில ஏ.

விரிவுரையாளரிட்டக் கேட்டன், "விருப்பமெண்டா எடுங்கோ" எண்டார். தெரிஞ்ச சீனியர் அக்கா ரெண்டு பேர் பட்டம் முடிச்சும் வேலைக்குக் காத்திருக்கினம். அரச வேலை அறிவித்தல் வருமோ எண்டு வர்த்தமானியும் மாதக்கணக்காப் பாக்கிறன். அப்பா, "தங்கச்சியின்ர படிப்பையும் யோசி பிள்ளை" எண்டுறார். அதுக்கு என்னட்டப் பதிலில்லை.

தொல்லியல் படிச்சு, தொல்பொருள் திணைக்களத்திலயோ நூதனசாலையிலயோ பள்ளிக்கூடத்திலயோ இருக்கிற ஆக்களிட்டக் கேக்கிறன்: பட்டம் முடிச்சு முதல் வேலை கிடைக்க உங்களுக்கு எவ்வளவு காலம் எடுத்தது?