அக்டோபரில் கீறிய புல்லும் ஜூனில் கீறிய புல்லும்

சான்ட்லர், அரிசோனா

வீட்டுப் புல்தரையைக் கீறிச் சுத்தம் செய்யும் வேலைக்கு ஆள் வைத்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் இரண்டு முறை வைத்திருக்கிறேன். முதல் முறை பாதிப் புல் செத்துப்போனது. இரண்டாம் முறை தழைத்தது. தரை ஒன்றுதான், இயந்திரமும் ஒரே வகைதான். மாதமும் ஆளும்தான் வேறு.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது பெர்முடா புல். ஊரிலிருந்து வந்த அம்மா, வந்த அன்றே குனிந்து ஒரு கொத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இது நம் அருகம்புல் அல்லவா!" என்றார். ஆமாம், அருகம்புல்தான். எங்களுடையது அதன் கலப்பின வகை, இன்னும் நெருக்கமாகப் படரும். தரைக்கு மேலே கொடி, கீழே வேர்த்தண்டு என்று பின்னிக்கொண்டே போவதால், பழைய தண்டு மட்குவதற்குள் புதியது அதன்மேல் ஏறிவிடுகிறது. பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவே பழுப்பாக ஒரு மெத்தை உருவாகிறது. இங்கே அதைத் தாட்ச் என்கிறார்கள். அதைக் கீறி எடுப்பதுதான் இந்த வேலை. கூரை வேயும் வைக்கோலுக்கும் அதே பெயர்தான், மிகப் பொருத்தமான பெயர். கூரை தண்ணீரை உள்ளே விடுமா? ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே ஏறக்குறைய 18 சென்டிமீட்டர்தான். மீதியை நாம் காசு கொடுத்து ஊற்றுகிறோம். அந்தத் தண்ணீர் வேருக்கு இறங்காமல், தெளிப்பானைத் திறந்த ஐந்தாவது நிமிடம் நடைபாதைக்கு ஓடியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

முதல் முறை செய்தது 2022 அக்டோபரில். இங்கே குளிர்காலத்தில் பெர்முடா வைக்கோல் நிறமாகி உறங்கிவிடும். அப்போதும் பச்சை வேண்டும் என்பவர்கள் அக்டோபரில் அதன்மேல் ரை என்ற குளிர்காலப் புல்லை விதைப்பார்கள். வீடு வீடாக வந்த ஒரு நிறுவனத்தார், "விதைப்பதற்கு முன் ஆழமாகக் கீறிவிடுகிறோம், விதை நன்றாகப் பிடிக்கும்" என்றார்கள். மண் தெரியும்வரை கீறினார்கள். விதை பிடித்தது என்னவோ உண்மை. ஜனவரியில் தெருவிலேயே எங்கள் தரைதான் பச்சை. மே கடைசியில் வெயில் ஏறியதும் ரை கருகியது. அடியிலிருந்து பெர்முடா எழுந்து வரவேண்டிய இடத்தில் வெறும் மண்தான் இருந்தது. உறக்கத்துக்கு முன் அந்தப் புல் தண்டிலும் வேரிலும் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும். அது சேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தத் தண்டையே வெட்டி மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறோம். அடுத்து வந்ததோ 2023 கோடை. ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்ட கோடை அது. அந்த மொட்டைத் திட்டுகளில் காலை வைக்க முடியவில்லை.

திட்டுகளை மூடவேண்டும் என்ற ஆத்திரத்தில் உரத்தை அள்ளிப் போட்டேன். நைட்ரஜன் கூடினால் தாட்ச்சும் கூடும் என்று அப்போது தெரியாது. 2025இல் மறுபடியும் தரை மெத்தென்று அமுங்கியது, மறுபடியும் தண்ணீர் ஓடியது.

இந்த முறை வந்தவர் மெக்சிகோவின் சொனோராவிலிருந்து குடியேறி, இருபது ஆண்டுகளாக இங்கே தோட்டவேலை செய்பவர். இயந்திரத்தை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. முழங்காலிட்டு, தர்பூசணியைப் பதம் பார்க்க வெட்டுவார்களே, அப்படி முக்கோணமாக ஒரு துண்டை வெட்டி எடுத்தார். பழுப்புப் படலத்தின்மேல் கட்டைவிரலை வைத்தார். நகத்திலிருந்து முதல் கணுவரை இருந்தது. "அரை அங்குலம் இருந்தால் தொடவே மாட்டேன், அது வேருக்கு நிழல். இது அதிகம்" என்றார். அது ஏப்ரல் மாதம். "இன்றே தொடங்கலாமா?" என்று கேட்டேன். "இரவிலும் 65 டிகிரிக்குக் குறையாமல் வரட்டும். புல் முழுதாக விழித்த பிறகு வெட்டினால்தான் மறுபடி ஓடும்" என்று சொல்லிவிட்டு, வெட்டிய துண்டை அதே குழியில் வைத்து மிதித்துவிட்டுப் போனார். வேலை வேண்டாம் என்று தள்ளிப்போடும் ஆளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஜூன் இரண்டாம் வாரம் வந்தார். தெளிப்பான் தலை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிறிய கொடி நட்டார். கத்தி மண்ணைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி உயரத்தைத் திருகித் திருகிச் சரிசெய்தார். நீளவாக்கில் ஒரு முறை, குறுக்குவாக்கில் ஒரு முறை ஓட்டினார். பதினோரு மூட்டைச் சருகு வந்தது. வாரியபின் தரை அறுத்த வயல் போலக் கிடந்தது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்று மாலையே தண்ணீர், நான்காம் நாள் அளவாக உரம். ஒன்பதாம் நாள் காலையில் பார்த்தால், கீறிய கோட்டின் இரு பக்கமும் ஊசி ஊசியாகப் பச்சை. மூன்றே வாரத்தில் மூடிவிட்டது. "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று திருமணத்தில் வாழ்த்துகிறோமே, அந்த அருகைக் கண்முன்னே பார்த்தேன்.

ஆகவே ஆளைக் கூப்பிடுபவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். துண்டு வெட்டிப் பார்க்காமல் விலை சொல்பவரை அனுப்பிவிடுங்கள்.

லாஸ் வேகஸ், நெவாடா

சகோதரி எழுதியதுடன் ஒன்று சேர்க்கிறேன்: எந்தப் புல் என்பதையும் பாருங்கள். என் வீட்டில் இருப்பது டால் ஃபெஸ்க்யூ. அது குத்துக் குத்தாக வளரும் புல், அருகம்புல் போலக் கொடி ஓடாது, தாட்ச்சும் பெரிதாகச் சேராது. இது தெரியாமல், தொலைபேசியிலேயே "வறண்ட ஊர், கட்டாயம் கீறவேண்டும்" என்று சொன்ன ஒரு நிறுவனத்துக்கு மே மாதத்தில் பணம் கொடுத்தேன். கொடி ஓடாத புல் இடைவெளியைத் தானாக மூடாது. பிடுங்கிய இடமெல்லாம் அப்படியே நின்றது. புதிதாக விதைக்கலாம் என்றால் முளைக்கும்வரை மண் ஈரமாகவே இருக்கவேண்டும். இங்கே தண்ணீர் பாய்ச்ச நாள் ஒதுக்கீடு, ஞாயிற்றுக்கிழமை தெளிப்பானே கூடாது. இலையுதிர்காலம்வரை காத்திருந்து விதைத்தேன்.

என் தரையில் தண்ணீர் இறங்காமல் ஓடியது மண் இறுகியதால்தான் என்று பிறகு புரிந்தது. அதற்கு வேண்டியது மண்ணில் விரல் பருமனுக்குத் துளைபோட்டு உருளைகளை வெளியே எடுக்கும் இயந்திரம்தான். அதைச் செய்த பிறகு தண்ணீர் இறங்குகிறது.

டூசான், அரிசோனா

கீறும்போது கிளம்பும் தூசியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நம் பக்கத்து மண்ணில் பள்ளத்தாக்குக் காய்ச்சலை உண்டாக்கும் பூஞ்சை இருக்கிறது, தூசியோடு மூச்சில் போனால் நுரையீரலைப் பிடிக்கும். அரிசோனாவில் இருப்பவர்கள் இதை அலட்சியம் செய்யாதீர்கள். கீறுவதற்கு முந்தைய நாள் மாலை தரையை லேசாக நனைத்துவிடுங்கள், சேறாகவும் வேண்டாம், சேறானால் புல் வேரோடு பிய்ந்து வரும். வேலை செய்பவர்களுக்கு முகக்கவசம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் நீங்களே கொடுங்கள். ஜன்னல்களைச் சாத்தி, குழந்தைகளை வெளியே கூட்டிப் போய்விடுங்கள். நான் நனைக்காமல் விட்டேன். மறுநாள் ஏசி வடிகட்டியைக் கழற்றியபோது, போன வாரம் மாற்றிய வெள்ளைத் தாள் பழுப்பாகக் கைக்கு வந்தது.