சூலியா தெருவின் சாலையோர மீ கடைகளில் உண்ட அனுபவம்

பினாங்குக்குப் புறப்படும் நண்பர்கள் சீனர்களின் சாலையோர மீ (நூடுல்ஸ்) கடைகளைப் பற்றி என்னிடம் கேட்கும்போது, கடைப் பெயரைச் சொல்வதற்கு முன் ஒன்றை வற்புறுத்துவது என் வழக்கம். இந்த உணவை அடுப்பருகிலேயே அமர்ந்து, தட்டு வந்த நிமிடமே உண்ண வேண்டும். பொட்டலம் கட்டி, எங்கள் ஊர் வழக்கில் 'தாப்பாவ்' செய்து, தங்கும் விடுதிக்கு எடுத்துச் சென்று பிரித்தால், அது பாதி வெந்நீரில் ஊறிய மாவாகத்தான் இருக்கும்.

நான் அதிகம் உண்டது பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் சூலியா தெருவில். சூலியர் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கிய அந்தத் தெருவில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு நடந்து போகும் தொலைவில், இருட்டியதும் சீனர்களின் தள்ளுவண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த பழைய கட்டடங்களின் முன்னால், பகலில் பூட்டுச் சாமான் விற்ற கடையின் வாசலில், மடக்கு மேசையும் முதுகு சாயாத பிளாஸ்டிக் நாற்காலியும் விரிக்கப்படும். முழங்கையை உரசுவதுபோல மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருக்கும். அதைப் பொறுக்காதவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பதே நல்லது.

அங்கே நான் எப்போதும் முதலில் கேட்பது வான்தான் மீ. முட்டையும் காரநீரும் (மிளகாய்க் காரமன்று, சோடா உப்பு போன்ற காரம் கரைந்த நீர்) சேர்த்துப் பிசைந்த மெல்லிய மஞ்சள் மீயைக் கடைக்காரப் பெண்மணி ஒரு பிடி எடுத்து, உதறிப் பிரித்து, நீண்ட கைப்பிடியுள்ள கம்பிக் கூடையில் இட்டுக் கொதிநீரில் முக்குகிறார். அரை நிமிடம்கூட ஆவதற்குள் தூக்கிப் பக்கத்திலுள்ள குளிர்ந்த நீரில் அலசுகிறார். மறுபடியும் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, கூடையை மூன்று முறை ஓங்கி உதறி, கிச்சாப்பும் (சோயா சாறு) எண்ணெயும் காத்திருக்கும் தட்டில் கவிழ்க்கிறார். குளிர்ந்த நீரில் அலசுவதால்தான் மேலே ஒட்டியிருக்கும் மாவும் காரநீரின் வாடையும் நீங்கி, மீ பல்லுக்கு இதமான விறைப்போடு நிற்கிறது. ஐந்து நிமிடம் பேச்சில் கழித்துவிட்டால் அந்த விறைப்புப் போய் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். மேலே சில துண்டு பன்றி இறைச்சி, கொஞ்சம் கீரை, தனிக் கிண்ணத்தில் தெளிந்த சாறும் வான்தானும் (இறைச்சி பொதிந்த மாவுக் கொழுக்கட்டை), காடியில் ஊறிய பச்சை மிளகாய் ஆகியவை உடன் வரும். அந்த மிளகாயை நான் கணக்கில்லாமல் எடுப்பதைக் கண்டு அந்த அம்மையார் தாமாகவே இன்னொரு கரண்டி கொண்டுவந்து வைப்பதுண்டு.

சார் குவே தியாவ் வேறு வகை. அரிசி மாவில் செய்த பட்டையான மீயை வாணலியில் வறுப்பது அது. அதைத் தேடுகிறவர்களுக்கு லோரோங் செலாமாட்டும் சயாம் சாலையும் பெயர்பெற்ற இடங்கள். கரி அடுப்பில் வறுப்பவர் இன்று குறைந்துவிட்டார்கள் என்றாலும், அடுப்பு எதுவாயினும் வாணலி புகையுமளவு காய்ந்திருக்க வேண்டும். பன்றிக் கொழுப்பும் பூண்டும் இறாலும் விழுந்த சில நொடிகளில் மீ விழுகிறது. கிச்சாப்பும் மிளகாய் விழுதும் சுற்றிலும் தெளிக்கப்பட்டுச் சீறுகின்றன. எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளி நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி, அது பாதி இறுகியதும் புரட்டுகிறார்கள். முளைப்பயறும் வெங்காயத்தாள் போன்ற குச்சாய்க் கீரையும் அதன்பின் சேர்கின்றன. சிப்பியைக் கடைசியில் போடுவதே கைதேர்ந்தவரின் அடையாளம். முன்னாலேயே போட்டால் அது ரப்பராகச் சுருங்கிவிடும். சில கடைகளில் கோழி முட்டைக்குப் பதிலாக வாத்து முட்டை கேட்கலாம், அதற்குத் தனிக் காசு. தட்டில் ஒரு துண்டு வாழையிலை விரித்துத் தரும் கடைகளும் இருக்கின்றன, நம்மவர்களுக்கு அந்த மணம் புதிதல்ல.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒரு முறைக்கு எத்தனை தட்டுக்கு வறுக்கிறார்கள் என்பது. கூட்டத்தைப் பார்த்து நம்பி நாங்கள் ஒரு முறை அமர்ந்த கடையொன்றில் நாலைந்து தட்டுக்குச் சேர்த்து ஒரே வாணலியில் அள்ளிப் போட்டார்கள். அவ்வளவு மீ விழுந்ததும் வாணலியின் சூடு இறங்கிவிட்டது, வறுபட வேண்டியது ஆவியில் வெந்து, சொதசொதவென்று இனிப்பான கிச்சாப்பில் நனைந்து வந்தது. அன்றிலிருந்து வரிசையின் நீளத்தை நான் பார்ப்பதில்லை. வாணலிக்கு எதிரே சற்று நேரம் நின்று, ஒவ்வொரு தட்டாகவோ மிஞ்சினால் இரண்டாகவோ வறுக்கிறவரிடம்தான் உட்காருகிறேன், அரை மணி நேரம் காத்திருக்க நேர்ந்தாலும் சரி.

உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் உட்காருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். பன்றி இறைச்சி வேண்டாமென்று சொன்னால் துண்டுகளை விலக்குவார்களே தவிர, கொழுப்பும் வாணலியும் அதேதான். எனவே முஸ்லிம் நண்பர்களோடு போனால் நான் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையின் மீ கோரெங்குக்குத்தான் (வறுத்த மீ) அழைத்துப் போவேன், அதுவும் சீனர் மரபின் மஞ்சள் மீதான், அவர்கள் உருளைக்கிழங்கும் தௌஃபூவும் (சோயாப் பாலாடைக்கட்டி) போட்டுத் தங்கள் கைப்பக்குவத்தில் வறுப்பது. மாட்டிறைச்சி உண்ணாத என் வீட்டுப் பெரியவர்களுக்கோ சீனர் கடை நிம்மதியானது. குவான் யின் தெய்வத்தை வணங்கும் சீனர்களில் பலர் தாங்களே மாட்டிறைச்சியைத் தவிர்ப்பதால், இத்தகைய பல வண்டிகளில் அது இருப்பதேயில்லை. தேங்காய்ப்பால் சாற்றில் வரும் வெள்ளைக் கறி மீ கேட்பவர்கள், அதில் மிதக்கும் கருஞ்சிவப்புக் கட்டிகள் உறைந்த பன்றி இரத்தம் என்பதை அறிந்துகொண்டு, வேண்டாமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

பானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேசை பெரும்பாலும் மீ வண்டிக்காரருடையதன்று, பானம் விற்பவருடையது. ஆளுக்கொரு கோப்பியோ பார்லித் தண்ணீரோ வாங்காமல் உட்கார்ந்தால் முகம் சுளிப்பார்கள், தலைக்கு 50 காசு கேட்கும் இடங்களும் உண்டு. அதில் தவறில்லை என்பேன், அவர் வாடகை அதிலிருந்துதான் வர வேண்டும். மீயின் விலையைத் தட்டு மேசைக்கு வரும்போதே அந்தந்த வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுவது முறை. ஆகையால் சில்லறை நோட்டுகளைக் கையில் வைத்திருங்கள். நால்வர் போனால் நான்கு தட்டையும் ஒரே நேரத்தில் கேட்காமல், இரண்டைக் கேட்டுப் பகிர்ந்து முடித்தபின் அடுத்த இரண்டைக் கேளுங்கள். கடைக்காரருக்கு அதில் வருத்தமில்லை, உங்கள் மீயும் ஆறாது.