புதுப்பிப்பு: பிளீச்சில் எதைத் தாண்டலாம்?

பிளீச் என்ற ஜப்பானிய அனிமே (அனிமேஷன் தொடர்) பற்றி, "366 எபிசோடையும் பார்த்தே ஆகணுமா?" என்பதுதான் இந்த இழையின் கேள்வி. வந்த பதில்களைச் சரிபார்த்தாச்சு: அவசியமில்லை.

1-63 அப்படியே பாருங்கள். 64-109 'பவுண்ட்' என்ற கூட்டத்தாரின் கதை, மூலக்கதையான மங்காவில் (ஜப்பானிய காமிக்ஸ்) கிடையாது. நேரே 110-க்குப் போய்விடலாம். பெரிய தொல்லை 168-189. எதிரிகளின் உலகமான ஹுவேகோ முண்டோவில் சண்டை சூடுபிடித்திருக்கும் நேரத்தில், சம்பந்தமே இல்லாமல் அமகாய் என்று ஒரு புதுக் கேப்டன் வந்து நிற்பார்! அனிமே மங்காவை எட்டிப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக இழுத்த இழுப்பு. 230-265-ல் வாள்களே ஆளுருவம் எடுக்கும். இதுவும் மங்காவில் இல்லை, ஆனாலும் ஜாலியாக இருக்கும். 317-342 வேண்டவே வேண்டாம்.

366 முடித்ததும், 2022-ல் தொடங்கிய தொடர்ச்சியான 'ஆயிரமாண்டு இரத்தப் போர்' பாருங்கள். அதை மங்காவாகவே படிப்பவர்கள் 480-ஆம் அத்தியாயத்தில் தொடங்கலாம்.